ரோலர்கள் ஓடாத கிழமையில் பதிந்த குரல்

“மிஸ், அந்தக் கிட்டார் ரெக்கோர்ட நீங்க ஏன் இவ்வளவு வேகமா விட்டீங்க?”

போன மாதம் நான் எங்கள் பழைய ஸ்டூடியோவுக்கு வந்திருந்தபோது, இப்போது அங்கே வேலை செய்யும் உங்களில் ஒருவர் என்னை இப்படிக் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், இதை வாசிக்கும்போது அவருக்கே காது சிவக்கட்டும். இணையத்தில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். பழைய இசைத்தட்டில் இருந்த இதம் மறுபதிப்பில் இல்லையாம், கண்டியில் விஷயம் தெரியாத யாரோ வேகத்தைக் கூட்டிக் கெடுத்துவிட்டார்களாம். அந்த விஷயம் தெரியாத ஆள் நான்தான். அன்று தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே எழும்பிப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முதல் ஒரு திட்டு. அன்று நீங்கள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறீர்கள். கோடு ஒழுங்காக இருந்தால் முகம் மலர்கிறது, கோணினால் முகமும் கோணுகிறது. ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. திரை பொய் சொல்லாது என்று நினைக்கிறீர்கள். பொய் சொல்லாதுதான், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் திண்டாடிய கதைதான் இது.

அந்த இசைத்தட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது உறையில் இருப்பது மட்டும். பாடியவரும் கிட்டார் வாசித்தவரும் ஒருவரே. ஜெரோம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கண்டி மலையில் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். தொழிற்சாலையைத் தோட்டத்துச் சனம் ஸ்டோர் என்று சொல்லும். அந்த ஸ்டோரில் கொழுந்து வாடி, ரோலர் இயந்திரங்களில் நசுங்கித் தேயிலையாகும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்தான் டீமேக்கர். மாதா கோயிலில் பாடிப் பழகியவர். வானொலியில் கேட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டு, போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலா ஆட்டத் தாளம், பூசைப் பாட்டு, லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள் பாடும் தெம்மாங்கு எல்லாம் அவருடைய கிட்டாருக்குள் ஒன்றாகப் போய்ப் புதிதாக ஒன்றாக வெளியே வந்தன. அதை எந்த வகையில் சேர்த்து அடுக்குவது என்று ரெக்கோர்ட் கடைக்காரர்களுக்கே தெரியவில்லை.

கேட்டவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. பிலிமத்தலாவைச் சாப்பாட்டுக் கடைகளில் போட்டார்கள். மஹய்யாவயில் எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில், பந்தி முடிந்து ஆட்கள் வெற்றிலை போடும் நேரத்தில் போட்டார்கள். ஆழமான, நிதானமான குரல். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வாசிப்பதுபோல் கிட்டார். உலகத்தில் யாருக்கும் ஓர் அவசரமும் இல்லை என்பதுபோல் இருக்கும். நாற்பதைத் தாண்டி, பட வேண்டியதெல்லாம் பட்டு ஆறிவிட்ட ஒரு மனிதர் பாடுகிறார் என்றுதான் நான் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன். காய்ச்சல் வந்து படுத்தால்கூட அதைப் போடச் சொல்லிக் கேட்பேன்.

எண்பத்து மூன்று ஆடியில், தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்ட நாட்களில், வேலை விஷயமாகக் கொழும்புக்குப் போன ஜெரோம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கலவரத்தில் கண்டியில் எரிந்த கடைகளில் அவருடைய மூல ஒலிநாடா இருந்த கடையும் ஒன்று. மிஞ்சியவை ஆட்களின் வீடுகளில் இருந்த இசைத்தட்டுகள் மட்டும்.

நிறைய வருடங்கள் போயின. யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மடவளையிலிருந்து ரிஸ்வான் என்ற இளைஞர், ஓர் இசைத்தட்டைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். பிடவைக் கடை, அதாவது துணிக்கடை, வைத்திருப்பவர்.

“எங்கட வாப்பா காலையில கடையத் தொறந்தா மொதல்ல இதத்தான் போடுவார், அக்கா. அவர் மவுத்தாகினதுக்குப் பொறகு கடையத் தொறக்கவே மனசில்லாம இரிக்கி. இத திரும்ப ரெக்கோர்டாவே போடணும். சீடி எல்லாம் வாணாம்.”

வெளிநாட்டில் இசைத்தட்டு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றை அவரே தேடிப் பிடித்திருந்தார். உரிமை ஜெரோமின் மனைவியிடம் இருந்தது. ரோசலின் டீச்சர், அம்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். முதலில் மாட்டேன் என்றவர், ரிஸ்வான் வாப்பாவைப் பற்றிச் சொன்ன பிறகு இளகினார். ஒரே ஒரு நிபந்தனை. தொழிற்சாலை முதலில் அனுப்பும் மாதிரித் தட்டு வந்ததும் அவர் ஒருமுறை கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

வாப்பாவின் தட்டிலிருந்து ஒலியை எடுத்து, கீறலும் தூசியும் நீக்கிய விவரங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேகத்தை மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர், வேகத்தில் சந்தேகம் வந்தால் கரண்டின் ரீங்காரத்தைக் கேள் என்பார். கரண்டில் ஓடும் கருவியில் எதைப் பதிந்தாலும் அடியில் மெல்லியதாக ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிடக்கும். நாடு முழுக்க வரும் கரண்டுக்கு விநாடிக்கு ஐம்பது துடிப்பு என்று ஒரே அளவு, ஆகவே அந்த இரைச்சலுக்கும் ஒரே சுருதி. அது சரியாக இருந்தால் பதிவின் வேகமும் சரி. வானொலி நிலையத்து நாடாக்கள் முதல் கலியாண வீட்டுக் கசெட்டுகள்வரை அந்த விதி எங்களைக் கைவிட்டதில்லை. ஜெரோமின் பாட்டுகளுக்கு அடியிலும் ரீங்காரம் இம்மியும் பிசகாமல் கிடந்தது. நாங்கள் நிம்மதியாக அனுப்பிவிட்டோம்.

மாதிரித் தட்டு வந்தது. அந்தக் கிழமைக்குள், ஏழு நாளில், சரி என்று பதில் போகாவிட்டால் எங்கள் முறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ரிஸ்வான் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரோசலின் டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கைப்பையை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில் வகுப்பறைக் கண்டிப்பு கொஞ்சம் இருக்கும். அன்று அது இல்லை.

தட்டை ஓடவிட்டேன். முதல் பாட்டின் இரண்டாவது அடி முடிவதற்குள் டீச்சர் கையைத் தூக்கினார்.

“நிப்பாட்டுங்கோ. இது அவர் இல்லை, தங்கச்சி.”

“டீச்சர், அவர்தான்” என்று ரிஸ்வான் பதறிப்போனார். “பழைய ரெக்கோர்டுல இரிந்தே எடுத்தது.”

“பாட்டு அவரின்ர பாட்டு. குரல் அவரின்ர இல்லை.”

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பாவம், காலம் போய்விட்டது, மறந்துவிட்டார் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். கடைசியாக இந்தத் தட்டை எப்போது கேட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

“அவர் போனாப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை. அயலுக்க ஆரும் போட்டாலும் ஜன்னலைச் சாத்திப்போடுவன். வந்த புதுசிலயே எனக்கு இது பிடிக்கேல்லை. ‘இதென்ன, ஆரோ வயசுபோன ஆள் பாடுற மாதிரிக் கிடக்கு’ எண்டு சொன்னனான். ‘ரெக்கோர்டில எல்லாரின்ர குரலும் அப்பிடித்தான்’ எண்டு சிரிச்சார். பிறகு ஆளே இல்லையெண்டு ஆகிப்போச்சு. என்ர காதுக்குள்ள அவரின்ர குரல் ஒண்டு இருக்கு. இதைக் கேட்டுக் கேட்டு அது அழிஞ்சு போயிடும் எண்டு பயம். எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான்.”

நாங்கள் எல்லோரும் அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு, அதுதான் ஜெரோம் என்று பழகிப்போனவர்கள். பழகாத ஒரே ஆள் இவர்தான். மறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்த மனுஷி, மறக்கக் கூடாது என்பதற்காகவே இத்தனை காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. திரையைத் திருப்பி ரீங்காரத்தைக் காட்டினேன். “வேகம் சரியாத்தான் இருக்குங்க, டீச்சர். இந்தா பாருங்க, கரண்டு சத்தம். இது மாறவே மாறாது.”

“எந்தக் கரண்டு?”

“எந்தக் கரண்டுன்னா? நம்ம வீட்டுக்கெல்லாம் வர்ற கரண்டுதாங்க.”

“அங்க எங்க தங்கச்சி அந்தக் கரண்டு வந்தது? தோட்டத்துக்குச் சொந்தக் கரண்டு. ஆத்துத் தண்ணியில ஓடுற டர்பைன்.”

உறையில் ‘கண்டியில் பதியப்பட்டது’ என்று இருந்ததை நம்பி, டவுனில் எங்கோ பதிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கே, எப்போது பதிந்தீர்கள் என்று ரிஸ்வான் கேட்டார். டீச்சர் கைப்பையைத் திறந்தார், மூடினார், பிறகு சொல்லத் தொடங்கினார்.

“எழுபத்தேழு கலவரம். பக்கத்துத் தோட்டத்தில லயத்தைக் கொளுத்திப்போட்டாங்கள் எண்டு கதை வந்துது. எங்கட தோட்டத்துச் சனம் முழுக்கப் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குள்ள ஓடி வந்திட்டுது. கொழுந்து வாட்டுற மேல்மாடியிலதான் எல்லாரும் படுக்கை. நாங்களும் அங்கதான். ஆரு கொழுந்து எடுக்கிறது? ரோலர் ஒண்டும் ஓடேல்லை. டர்பைனை மட்டும் அவர் நிப்பாட்ட விடேல்லை, லைட் இல்லாட்டிச் சனம் செத்துப்போயிடும் பயத்தில. பிள்ளையள் அழுதுகொண்டே இருக்கும். அழுற சத்தம் வெளியில கேக்கக்கூடாது. பிள்ளையளை ஆத்த அவர் கிட்டாரை எடுத்துக்கொண்டு மெதுவாப் பாடத் தொடங்கினார். கண்டியில ஆரிட்டயோ இரவல் வாங்கின டேப் ரெக்கோர்டர் ஒண்டு கிடந்தது. மற்ற நாளில ரோலர் இரைச்சலுக்க ஒண்டும் பதியேலாது. ‘இப்பவாவது பதிவம்’ எண்டு சொன்னார். பட்டனை அமத்தினது நான்தான்.”

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. காய்ச்சலில் நான் கண்ணயர்ந்தது, ரிஸ்வானின் வாப்பா கடை திறந்தது, கலியாண வீட்டில் வெற்றிலை மென்றது எல்லாம், ஒளிந்திருந்த பிள்ளைகளின் அழுகை வெளியே கேட்காதிருக்க ஒருவர் பாடிய பாட்டுக்கு.

பிறகு தலைக்குள் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. ரோலர்களை இழுக்கும்போது டர்பைன் நிதானமாகச் சுழலும். இழுக்க ஒன்றுமில்லாமல் நாலு பல்புகளை மட்டும் எரித்தால் அது கட்டற்று ஓடும், கரண்டின் துடிப்பும் கூடும். அந்தக் கரண்டில் ஓடிய டேப் ரெக்கோர்டரும் கூடவே வேகமாக ஓடியிருக்கும். வேகமாகப் பதிந்த நாடாவை டவுனில் சாதாரண வேகத்தில் போட்டால் குரல் தாழும், பாட்டு தவழும். ரீங்காரம்? அதுவும் அதே கரண்டின் பிள்ளைதானே. பதியும்போது கூடவே உயர்ந்து, போடும்போது கூடவே இறங்கி, நல்ல பிள்ளைபோல் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கடிகாரம் பிந்துகிறதா என்று அதே கடிகாரத்தைப் பார்த்து நாங்கள் சரிபார்த்திருக்கிறோம். ஊரே மெச்சிய அந்த இதம், ரோலர்கள் ஓடாததால் வந்தது. ரோலர்கள் ஓடாதது கலவரத்தால்.

“அப்ப லேசுதானே அக்கா” என்றார் ரிஸ்வான். அவருக்கு மனதில் தேதி ஓடிக்கொண்டிருந்தது. “நீங்க வேகத்தக் கூட்டிக் கூட்டிப் போடுங்க. சரியான எடம் வந்ததும் டீச்சர் சொல்லட்டும்.”

நானும் வேகத்தைக் கூட்டும் குமிழில் கையை வைத்துவிட்டேன். அப்போது டீச்சர் சொன்னார்.

“கெதியாச் செய்யுங்கோ தங்கச்சி. இப்ப கேட்டது உள்ளுக்க வந்து குந்தீட்டுது. நான் அவரை நினைச்சுப் பாக்கிறன், இந்த ஆளின்ர குரல்தான் வருது.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். நான் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் எதற்காக இத்தனை காலம் பயந்தாரோ, அதை நாங்கள் ஒரு பாட்டின் இரண்டு அடிகளில் செய்துவிட்டிருந்தோம். இனி நான் குமிழைத் திருகித் திருகிக் காட்டினால், ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு புது ஆள் அவருடைய காதுக்குள் போய் உட்காருவார். கடைசியில் எது ஜெரோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் களைத்துப்போய் “ஓம், இதுதான்” என்று சொல்லும் இடத்தை நான் உண்மை என்று உலகத்துக்கு விற்பேன். அவருடைய நினைவு சாட்சியாக வரலாம், அளவுகோலாக அதைத் தேய்க்கக் கூடாது. நான் தட்டைக் கழற்றி உறைக்குள் போட்டேன். ஒரே ஒருமுறைதான் இனிக் கேட்கப்போகிறீர்கள், அது சரியானதாகத்தான் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது.

ரிஸ்வானுக்குக் கோபம் வந்துவிட்டது. “எத வச்சு அக்கா சரியெண்டு கண்டுபிடிக்கிற? டேப்பும் இல்ல, கிட்டாரும் இல்ல, ஆளும் இல்ல.”

அவர் கேட்டது நியாயம்தான். கரண்டில் ஓடாத ஏதாவது, அந்த ஸ்டோரில் அன்றும் சத்தம் போட்டு இன்றும் அதே சத்தத்தைப் போடும் ஏதாவது வேண்டும். டீச்சரிடம் அப்படியே கேட்டேன். அவர் உடனே சொன்னார்: “தண்டவாளம்.”

ஸ்டோர் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். காவல்காரர் நேரம் தவறாமல் அதை அடிப்பார். கலவரக் கிழமையிலும், விழித்திருக்கிறோம் என்று மாடியில் இருந்தவர்களுக்குத் தெரிவிக்க, வெளியே கேட்டாலும் அது வழக்கமான சத்தம்தானே என்று, அடித்துக்கொண்டே இருந்தாராம். நானும் ரிஸ்வானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் தூரத்தில் ‘டண்’ என்று ஒரு சத்தம் வருமே, நீங்கள் எல்லோரும் மாதா கோயில் மணி என்று நினைப்பது, அதுதான்.

அடுத்த நாள் மூவரும் ரிஸ்வானின் வான் வண்டியில் புறப்பட்டோம். பற்றரியில் ஓடும் ரெக்கோர்டர், மைக், வயர், ஹெட்ஃபோன். எங்கும் குண்டைத் தேடிய அந்தக் காலத்தில் இத்தனை வயரோடு தமிழ்ப் பெண்கள் இருவர் பயணம் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று உங்களுக்கு விளங்காது. வழியில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எங்களை இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். டீச்சரின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஓர் இரும்பின் சத்தத்தைப் பதியப் போகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்கே அது பொய்போல்தான் கேட்டது. ரோட்டோரம் நிறுத்தி வைத்தார்கள். வெயில் ஏறியது. டீச்சரின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு நாள் வேலையாகப் புறப்பட்டுப் போன ஆள் திரும்பி வராத வீட்டிலிருந்து வந்தவர் அவர். இவரை ஏன் இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

“டீச்சர், இவங்கக்கிட்ட கேட்டுட்டு நம்ம திரும்பிப் போயிருவோமா?”

“திரும்பிப் போனா வீட்டில என்ன கிடக்கு? நேற்றோட அதுவும் குழம்பிப்போச்சு. நான் வாறன், நீங்கள் அவங்களோட கதையுங்கோ.”

ரிஸ்வான் போய்க் கதைத்தார். ஓர் அதிகாரி வந்து, கொண்டுவந்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். தட்டிலிருந்து எடுத்த அந்த ‘டண்’ சத்தத்தை ஹெட்ஃபோனில் போட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார். தன் ஊர்ப் பன்சலையிலும், அதாவது பௌத்த விகாரையிலும், இப்படி ஓர் இரும்பு தொங்குகிறது என்றார். பிறகு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

தோட்டத்தில் டர்பைன் எப்போதோ போய்விட்டிருந்தது. ஸ்டோர் எல்லோருக்கும் வரும் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளம் மட்டும் அதே இடத்தில், அதே சங்கிலியில். இரைச்சலில் ஒன்றும் பதிய முடியாது. வேலை முடியும்வரை காத்திருக்கச் சொன்னார் அங்கிருந்த டீமேக்கர். வாசலில் குந்திக்கொண்டு காத்திருந்தோம். ரோலர்கள் ஒவ்வொன்றாக நின்றன. முழுவதும் அடங்கியதும் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பிடித்தான். அந்தக் கிழமை முழுக்க இப்பிடித்தான் கிடந்தது.”

நான் மைக்கைப் பிடித்தேன். இரும்பை அடித்தது டீச்சர்தான்.

அன்று மாலை ஸ்டூடியோவில் டீச்சரைக் கீழே கடையில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, நானும் ரிஸ்வானும் மேலே வந்தோம். தட்டில் இருந்த இரும்பின் சத்தம், நாங்கள் பதிந்துகொண்டு வந்ததைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தது. இரண்டும் ஒன்றாகும்வரை வேகத்தை உயர்த்தினேன். பிறகு பாட்டைப் போட்டேன். கம்பிகள் விறைத்தன. வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சு வாங்கியது. நாற்பது வயது மனிதர் போய்விட்டார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், கதவுப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு பாடுவதுபோல், கொஞ்சம் அவசரப்பட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

ரிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது வேற ரெக்கோர்ட், அக்கா. வாப்பாட ரெக்கோர்ட் இல்ல இது.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஜெரோம் என்ற ஆள் இருந்ததே இல்லை.

டீச்சரைக் கூப்பிட்டோம். அதே கதிரை, மடியில் அதே கைப்பை. முதல் வரியிலேயே அவருடைய கை வாயைப் பொத்தியது. இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

“ஓம். இது அவர். ஐயோ, இவ்வளவு சின்னப் பொடியனாவே இருந்தவர்! இப்ப எனக்கு ஒரு மகன் இருந்தாக்கூட இவரைவிட மூத்தவனா இருப்பான்.”

ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டீச்சர்தான் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, வாப்பா கேட்டதை நான் பிழையெண்டு சொல்லேல்லை. அந்தத் தட்டு உங்களிட்ட இருக்கு, அதை ஒருத்தரும் மாத்தேலாது. ஆனா புதுசாப் போடேக்க, பயந்து பயந்து பாடின பொடியனை, ஆறுதலாப் பாடினவர் எண்டு சொல்லி விக்காதையுங்கோ.”

ரிஸ்வான் வாப்பாவின் தட்டைத் துவாயில் சுற்றி வைத்தார். பிறகு தொழிற்சாலைக்கு, மாதிரித் தட்டு சரியில்லை, மறுபடி அனுப்புகிறோம் என்று அவரே எழுதினார். முறை பறிபோனது. அடுத்த முறைக்காக யுத்தம் முடிந்த பிறகும் காத்திருந்தோம். தட்டு வெளிவந்ததும் முறைப்பாடுகள் வந்தன, இன்றும் வருகின்றன. இனி வந்தால் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதாதீர்கள். அந்த வேகத்தில்தான் அவர் பாடினார் என்று மட்டும் எழுதுங்கள்.

இனி உங்களிடமும் இப்படி யாராவது வந்து உட்கார்ந்து, திரை சரி என்று சொல்வதைப் பிழை என்று சொல்வார்கள். பெரும்பாலும் திரைதான் சரியாக இருக்கும். ஆனாலும் அவர்களிடம் கருவியைக் காட்டுவதற்கு முதல், அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டுவிடுங்கள்.

அன்று ரோசலின் டீச்சர் தட்டு முழுவதையும் கேட்டார், இரண்டு பக்கமும். எழும்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு வருசமும் பத்திரமா வச்சிருந்து வச்சிருந்து எனக்குக் களைச்சுப்போச்சு. இனி அது இஞ்ச பதிஞ்சு கிடக்கு, எனக்கு மறந்தாலும் பரவாயில்லை, தங்கச்சி.”

சொல்லிவிட்டுப் படியிறங்கி, அம்பிட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.